அன்ரன் மெலிந்துதான் போனார், மாமி

என் அன்பான மாமிக்கு,

சண்டை பிடிக்க ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதனால்தான் கடிதத்தில் வருகிறேன். முதலில் சந்தோஷச் செய்தி. உங்கள் மகன் அன்ரன் வென்றுவிட்டார் மாமி! நாற்பதைத் தாண்டிய மனிதர், கொழும்பில், அத்தனை சனத்துக்கு முன்னால், சூமோ மல்யுத்த இறுதிப் போட்டியில் வென்றுவிட்டார். நேற்றுத்தான் எங்கள் ஊர் பேசாலைக்கு வந்து சேர்ந்தோம். பதக்கம் உங்கள் படத்துக்கு மேலே தொங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அன்ரன் மெலிந்து போனார். மெலிய வைத்தவள் நான்தான். கோபப்படாமல் மிச்சத்தையும் கேளுங்கள்.

எங்களுக்குக் கலியாணமான புதிதில் அவர் இந்த விளையாட்டைக் கொழும்பிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தபோது, முதலில் எதிர்த்தது நீங்கள் அல்லவா? ஜப்பான்காரர் இடுப்பில் கட்டுகிற துணியைப் போனில் பார்த்துவிட்டு, என் பிள்ளை கோவணத்தோடு சபையில் நிற்பதா என்று பங்குச் சுவாமியிடமே போய் முறையிட்டீர்கள். இங்கே காற்சட்டைக்கு மேலேதான் கட்டுவது என்று அவர் சத்தியம் பண்ணியும் நீங்கள் மசியவில்லை. பிறகொரு நாள், மல்லர்கள் வளையத்துக்குள் இறங்க முன்னம் கை நிறைய உப்பை அள்ளி வீசுவதைக் கண்டீர்கள். "கண்ணூறு கழிக்கிறாங்கள். அப்ப நல்ல சனம்தான்" என்றீர்கள். அன்றைக்கே பெரிய பானையை அடுப்பில் ஏற்றினீர்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது கரை முழுக்கத் தெரியும். விடிகிற நேரம் எழும்பி, ஒரு காலை உயரத் தூக்கி முற்றத்தில் தொம்மென்று மிதிப்பார், பிறகு மற்றக் காலை. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கும். வளவுப் பனையை உள்ளங்கையால் அறைந்துவிட்டுக் கரைக்குப் போய், மண்ணில் இறுகி நிற்கிற வள்ளங்களைத் தனியாளாகத் தள்ளி ஏற்றுவார். பயிற்சி அவருக்கு, லாபம் வள்ளக்காரருக்கு.

திரும்பி வந்தால், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் உங்கள் ஒடியல் கூழ். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில். ஜப்பானிலும் மல்லர்கள் இப்படித்தான் மீனையும் மரக்கறியையும் ஒன்றாக அவித்துச் சாப்பிட்டு உடம்பு வைக்கிறார்களாம் என்று அவர் சொன்ன நாளில் உங்களுக்குத் தலைகால் தெரியவில்லை. அதோடு நிறுத்தினீர்களா? கூழுக்குப் பிறகு அடம்பன் ஊர் அரிசிச் சோறு ஒரு குவியல், அதற்கு மேல் அந்த ஊர் எருமைத் தயிரும் பனங்கட்டியும். நான் போதும் என்றால் என்னை முறைப்பீர்கள். கதவுக்குள் பக்கவாட்டில் நுழைகிற மனிதரைப் பார்த்து, பிள்ளை மெலிந்து போனான் என்பீர்கள்.

நீங்கள் போன பிறகு அவர் பயிற்சியை விட்டுவிட்டார். சாப்பாட்டை விடவில்லை. உங்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் போலச் சாப்பிட்டார். ஒரு நாள் காலையில், பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாரென்று வள்ளம் தள்ளப் போனவர், தலை சுற்றி மண்ணில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், முற்றிவிட்டது, இதயமும் களைத்துப் போயிருக்கிறது, உடம்பைக் குறைக்காவிட்டால் சூமோவை மட்டுமல்ல, ஆளையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டொக்டர் அம்மா முகத்துக்கு நேரே சொன்னா.

வீட்டுக்கு வந்ததும் அவர் கதிரையில் இருந்து என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது அம்மா சோறு போட்டு வளத்த உடம்பு. அம்மாவும் இல்லை. இதையும் கரைக்கச் சொல்லுறியோ?"

குசினிக்குள் போய் அழுதேன். நீங்கள் இருந்திருந்தால் உங்களோடு சண்டை பிடித்திருப்பேன். இல்லாத உங்களோடு எப்படிப் பிடிப்பது?

அடுத்த நாள் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, அவருக்கு முன்னால் இருந்து சொன்னேன். "மாமி சோறு போட்டது நீங்கள் நெடுக உயிரோட இருக்கோணும் எண்டுதான். வேற ஒண்டுக்கும் இல்லை."

அவர் கோப்பையிலிருந்து பாதிச் சோற்றை எடுத்துத் திரும்பப் பானைக்குள் போட்டார்.

உங்கள் கூழை நான் நிறுத்தவில்லை, பயப்படாதீர்கள். மாவைக் குறைத்தேன், மீனைக் கூட்டினேன், முருங்கையிலையை அள்ளிப் போட்டேன். சோறு ஒரு அகப்பை. பனங்கட்டியை ஒளித்துவைத்தேன். பசியில் மனிதர் சிடுசிடுத்தார். அரிசி வாங்க அடம்பனுக்குப் போகிறேன் என்று போனவர், மீசையில் தயிரோடு திரும்பி வந்தார். என்ன சொல்ல? ஆனால் அடுத்த நாள் விடிகிற நேரம் முற்றத்தில் தொம்மென்று சத்தம் கேட்டது, அலுமாரி கிலுங்கியது. படுத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டேன். பிறகு கடற்கரையில் ஓடவும் தொடங்கினார். கரையில் திரிகிற கழுதைகள் விலகி வழிவிட்டன. இடுப்பில் கட்டுகிற துணி இப்போது இன்னொரு சுற்று வருகிறது.

கொழும்பில் அவருடைய கூட்டாளிகளே நம்பவில்லை. பாரம் போனால் சூமோவில் என்ன மிச்சம் என்றார்கள். அவர் முகமும் இருண்டுவிட்டது. நான் பைக்குள் கொண்டுபோன உப்பையும் செத்தல் மிளகாயையும் எடுத்து, ஆள் இல்லாத மூலையில் கண்ணூறுக்கு அவர் தலையைச் சுற்றி, சேலைத் தலைப்பில் முடிந்துவைத்தேன். இதற்காக உங்களை எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறேன்!

எதிரே வந்தவன் இளம் பொடியன், மலை போல உடம்பு. வளையத்துக்கு வெளியே கால் போனாலும் தோல்வி, உள்ளங்கால் தவிர வேறெது நிலத்தில் பட்டாலும் தோல்வி. அவன் வந்த வேகத்தில் அன்ரனின் குதிக்கால் வளையத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டது. என் கையில் செபமாலை அறுந்துவிடும் போல. முந்திய அன்ரன் என்றால் மூச்சு முட்டி அந்த இடத்திலேயே வெளியே போயிருப்பார். இந்த முறை நின்றார் மாமி. மூச்சு இருந்தது. அவன் இரைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது, இவருடையது கேட்கவில்லை. மெல்லக் குனிந்தார், தோளைக் கொடுத்தார், மண்ணில் இறுகின வள்ளத்தைத் தள்ளுவது போல அடி அடியாகத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார்.

நான் கதிரைக்கு மேலே ஏறி நின்று கத்தினேன். மருமகள் மரியாதை எல்லாம் போய்விட்டது. பதக்கத்தோடு வந்தவர் என் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா கண்டிருந்தா, மெலிஞ்சு போனாய் எண்டுதான் முதல் சொல்லியிருப்பா." இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த உப்பையும் மிளகாயையும் உங்கள் அடுப்பில் போட்டேன். நன்றாக வெடித்தது. யாருடைய கண்ணோ பட்டுத்தான் இருக்கிறது.

வருகிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவரைச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். கழுத்தில் பதக்கத்தோடு உங்கள் முன்னால் நிறுத்துவேன். மேலும் கீழும் பாருங்கள், வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள். உங்கள் குழிக்குப் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கிறது, அவர் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எனக்குத் தெரியும். மெழுகுதிரி எரிந்து முடிந்ததும் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். அந்த இடத்துக்கு அவரை இப்போதைக்கு அனுப்ப மாட்டேன் மாமி. எவ்வளவு ஆசையாக நீங்கள் கூப்பிட்டாலும் அனுப்ப மாட்டேன்.

உங்கள் பிள்ளைக்கு இப்போது சோறு அளந்து போடுகிற
உங்கள் மருமகள்,
ரெஜினா