கோபால்ட்டுக்காக நின்ற தையல் மிஷின்கள்

அன்பு அத்தைக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. ஒரு நல்ல செய்தி. என் பிஎச்.டி. முடிந்துவிட்டது.

கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிற மருமகன் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறானே என்று உங்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் கோடை விடுமுறையில் லேபைப் பூட்டியபோது, என் சின்ன ஓவனுக்கு உங்கள் பனியன் கம்பெனியில் ஒரு மூலை கொடுத்தீர்கள்.

கோபால்ட் உப்பையும் ஒரு கரிம அமிலத்தையும் தண்ணீரில் கலந்து, எஃகுக் குப்பியில் இறுக மூடி, மூன்று நாள் விடாமல் சூடேற்ற வேண்டும். இரண்டும் பிணைந்து அடுக்கடுக்கான படிகமாகும். பாதியில் சட்டென ஆறினால் வெறும் தூள். அதற்கு முன் இரண்டு தடவையும் எனக்குத் தூள்தான்.

மூன்றாம் நாள் காலை கரண்ட் போயிற்று. அன்றைக்குத்தான் உங்களுக்கு ஷிப்மென்ட். ஜெனரேட்டர் எல்லாவற்றையும் தாங்காது.

"அம்மா, மூணு மிஷினை நிறுத்தினாத்தான் அந்த ஓவன் ஓடும்" என்றார் டெய்லர் மாஸ்டர்.

"நிறுத்துங்க மாஸ்டர். துணிய விட்ட எடத்துல இருந்து தைக்கலாம். மாப்பிள்ளையோடது மறுபடி மொதல்ல இருந்தில்லீங்க ஆரம்பிக்கோணும்?"

சொல்லிவிட்டு நீங்களே பீஸ் மடிக்க உட்கார்ந்தீர்கள். நானும் உட்கார்ந்தேன். நான் மடித்ததையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தீர்கள். மதியம் கரண்ட் வந்தது, சாயங்காலம் வேனும் கிளம்பியது. நாம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான், இல்லையா அத்தை?

இரண்டு நாள் மெல்ல ஆறவிட்டு உங்கள் முன்னால் மூடியைத் திறந்தேன். உள்ளே ஊதா நிறத்தில் மினுமினுவென்று மெல்லிய தகடுகள்.

"இது எதுக்குங்க மாப்பிள்ளை ஒதவும்?"

"இப்போதைக்கு ஒண்ணுக்கும் இல்லீங்க அத்தை. காந்தமாகுதான்னு பார்க்கணும்."

"இதுக்காங்க என்ற மிஷின நிறுத்துனேன்?" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் டெய்லர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அது காந்தமாகிறது அத்தை. வெளியூர் லேபில் திரவ ஹீலியத்தின் குளிரில் வைத்து அளந்தார்கள். ஓர் அடுக்கிலுள்ள கோபால்ட் அணுக்கள் எல்லாம் குட்டிக் காந்தங்களாக ஒரே பக்கம் பார்க்கின்றன, அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம். அதனால் மொத்தத்தில் ஒன்றுமில்லாதது போலத் தெரிகிறது. வெளியிலிருந்து காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் முறைத்துக்கொண்டிருந்த அடுக்குகளும் திரும்பிவிடுகின்றன. வரைபடத்தில் கோடு சட்டென மேலேறியதைப் பார்த்ததும் உங்களுக்குப் போன் செய்யப் போனேன். பாதி நம்பரை அழுத்திய பிறகுதான் உறைத்தது.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டேன். "இவங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று வைவா வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். "எங்க அத்தைங்க. பனியன் கம்பெனி" என்றேன். அறையே சிரித்தது.

இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்வது நளினிதான். அந்தப் பக்கத்தைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், அடுத்த நிமிடமே பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, எங்கம்மாவுக்கு மட்டும் தொறந்து காட்டுனீங்க. என்னைய ஒரு நாளாவது கூப்புட்டீங்களா?"

நீங்கள் இருந்தாலும் மகள் பக்கம்தானே பேசியிருப்பீர்கள்?

அடுத்து, கோபால்ட்டுக்குப் பதில் நிக்கல். திங்கட்கிழமை ஓவனில் வைக்கிறேன். வாக்குக் கொடுக்கிறேன் அத்தை, இந்த முறை மூடியைத் திறப்பது உங்கள் மகள்தான். தூளாக இருந்தாலும் அவள்தான் முதலில் பார்ப்பாள்.

மடிக்க இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளாத
உங்கள் மாப்பிள்ளை