ரெக்டோவில் வெட்டிய நான்கு பத்திகள்

26 மே 2025, திங்கள்
பண்டகசாலைச் சுவரில் அறிவித்தல்: பன்முகக் கலாசார நாள். காலைத் தேநீர் வேளையில் ஒருவர் ஒரு நாட்டுத் தலைவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். அந்த ஒருவர் நான். தெரிவு செய்தவர் மனேஜர் கிறேக். என் விசா இந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. வதிவிட விண்ணப்பத்துக்குக் கடிதம் தர வேண்டியவரும் அவரே. ஆகவே மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டேன்.

27 மே
எங்கள் தலைவர்களில் யாரைச் சொன்னாலும் சாப்பாட்டு மேசை இரண்டாகும். இங்கே வேலை செய்யும் சிங்களவரான சரத்தும் நானும் மூன்று வருடமாகக் கிரிக்கெட் மட்டும் கதைத்து நட்பைக் காப்பாற்றி வருகிறோம். அதைக் கெடுக்க ஐந்து நிமிடம் அதிகம்.

29 மே
ரொடெல் வழி சொன்னான். என்னோடு போர்க்லிஃப்ட் ஓட்டும் பிலிப்பினோ. என்னைக் 'குயா' என்பான். அவர்கள் மொழியில் அண்ணன்.
"எங்கள் ரெக்டோவை எடுத்துக்கொள், குயா. எனக்கு அவர் தேவைப்பட மாட்டார். என்னை நூடில்ஸ் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்."

1 ஜூன், ஞாயிறு
முழுநாளும் ரெக்டோ. பிலிப்பைன்ஸ் செனட்டர். அரசியல் சாசனம் எழுதிய அவையின் தலைவர். ஸ்பானிய மொழியில் கவிதையும் எழுதியவர். விடுதலை வந்த பிறகும் அமெரிக்கப் படைத்தளங்கள் ஏன் நிற்கின்றன என்று கேட்டவர். கையேந்தி நடத்துவது வெளியுறவுக் கொள்கை ஆகாது என்றவர். ஜனாதிபதித் தேர்தலில் தோற்றார், வேறென்ன நடக்கும்.
பேச்சை எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் பயம்.
மனைவி சுகந்தினி வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள். "கையேந்தக் கூடாதெண்டு, கையேந்தி நிக்கிற இடத்திலயே போய்ச் சொல்லப் போறியளோ?"
அமெரிக்காவைத்தானே சொல்கிறேன் என்றேன்.
"கிறேக்குக்கு அது விளங்குமோ? பிள்ளை இஞ்ச பள்ளிக்கூடம் போகுது. ஞாபகம் வைச்சிருங்கோ."

5 ஜூன்
மனேஜரிடம் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "நீயே எழுதிக் கொண்டுவா. பேச்சு முடியட்டும், கையெழுத்து வைக்கிறேன்."
என்னைப் புகழ்ந்து நானே எழுதினேன். 'விசுவாசமானவர்' என்று ஓரிடத்தில் போட்டேன். போதாதோ என்று இன்னோரிடத்திலும்.

10 ஜூன்
பேச்சிலிருந்து படைத்தளங்களை எடுத்தேன். இரண்டு பத்தி.

11 ஜூன்
கையேந்தலையும். இன்னும் இரண்டு. கவிதை இருக்கிறது. கவிதையால் ஒருவருக்கும் விசா போனதில்லை.

12 ஜூன்
பேசினேன். ரெக்டோ பிறந்தார், சட்டம் படித்தார், கவிதை எழுதினார், ரோமில் இறந்தார். கைதட்டல். மிகுந்த ஊக்கம் தந்தது என்றார் கிறேக்; எதற்கு என்று சொல்லவில்லை. அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்தார்.
இன்று பிலிப்பைன்ஸ் சுதந்திர தினமாம். நூடில்ஸ் போட்டுத் தரும்போது ரொடெல் சொன்னான். பிறகு, "நீ பேசின ஆளை எனக்குத் தெரியாது, குயா. ஆனால் நல்ல மனிதர்போல."
என்னத்தைச் செய்யிறது? எனக்கொரு பிள்ளை இருக்குது. அவனுக்கென்ன — இல்லை, அவனுக்கும் இருக்கிறது. இரண்டு. மணிலாவில்.

3 நவம்பர்
வதிவிடம் கிடைத்தது. இனி எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். சுகந்தினி கொஞ்சம் அழுதாள். பிறகு தகனினி என்ற புறநகரில் வாடகை வீடு பார்க்கத் தொடங்கினாள்.

7 நவம்பர்
"இனி முழு ரெக்டோவையும் பேசலாமே, குயா," என்றான் ரொடெல்.
வீடு கிடைக்கட்டும் என்றேன். வீட்டு ஏஜென்டுக்கு முதலாளியின் கடிதம் வேண்டுமாம். கிறேக்கிடம் கேட்டாயிற்று. நீயே எழுதிக் கொண்டுவா என்றார்.
பழைய கடிதம் கணினியில் இருக்கிறது. திகதியை மாற்றினால் போதும்.