வாலுக்குப் பின்னால் நின்று

மார்ச் 6, வியாழன்

எஞ்சினில்லா மாதிரி விமானமான என் கிளைடரின் இறக்கை உறை, இஸ்திரிச் சூட்டில் இன்று முழுமையாக இறுகிவிட்டது. தேடினாலும் ஒரு சுருக்கம் கிடைக்காது. தையற்கடையிலிருந்து வந்த கணவர், தம் இஸ்திரிப் பெட்டியை என் மேசையில் கண்டுபிடித்து, "நான் தைக்கிற சட்டைக்குக்கூட இந்த மரியாதை கிடைச்சதில்லையே" என்றார்.

இறக்கையின் அடியில் இரு விரல் நுனிகளைக் கொடுத்துத் தாங்கிப் பார்த்தேன். மூக்கு சற்றே தாழ்ந்து நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஞாயிறன்று மாதிரி விமான மன்றத்தில் எனக்குச் சோதனைப் பறப்பு. தேறினால் தனியே பறக்கவிட அனுமதி. தேறாவிட்டால், தரையிலிருந்து கிளைடரை இயக்கும் என் ரேடியோவைச் செயலாளரின் ரேடியோவோடு கம்பியால் பிணைத்துவிடுவார்கள்; அவர் நினைத்தபோதெல்லாம் கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆண்கள் சேர்ந்தபோது எவருக்கும் இச்சோதனை நடந்ததாக நான் அறியேன். காரணம் கேட்டேன். "அவங்கல்லாம் பழகினவங்க மேடம்" என்றார் செயலாளர்.

பழகியே பிறந்தார்களா?

மார்ச் 8, சனி

மாலை முழுதும் காற்று. நாளை அடங்குமா?

மார்ச் 9, ஞாயிறு

கோபம் இன்னும் தீரவில்லை. ஆயினும் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

காற்று அடங்கியிருந்தது. முறைப்படி முதலில் ரேடியோவையும் பிறகு கிளைடரையும் இயக்கினேன். கிளைடரை மைதானத்து மேசைமேல் விட்டு, ரேடியோவின் வலுவைக் குறைத்துவைத்து, அதோடு மைதானத்தின் கோடி வரை நடந்து, அங்கிருந்தும் ஆணை எட்டுகிறதா என்று பார்த்தேன், எட்டியது. மேசைக்குத் திரும்பி, வாலுக்குப் பின்னால் நின்று, ரேடியோவின் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். வலது இறக்கையின் ஓரத்து மடல் எழுந்தது. இடது மடல் தாழ்ந்தது. வலப்பக்கம் திரும்ப அப்படித்தான் அசைய வேண்டும்; குறையொன்றும் இல்லை. ரேடியோவை மேசையில் வைத்துவிட்டு, காற்றின் திசை காட்டும் துணிநாடாவைக் கம்பத்தில் கட்டச் சென்றேன். கிளைடரை எனக்காக எறிந்துதர இசைந்திருந்த பல் மருத்துவர் மேசையருகே காவல் இருந்தார்.

திரும்பி வந்தேன். அவர் கிளைடரைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். ரேடியோவை எடுத்து, வழக்கம்போல் இன்னொரு முறை குச்சியை வலப்பக்கம் தள்ளினேன்.

வலது மடல் தாழ்ந்தது!

"எறியாதீங்க!" என்று அலறிவிட்டேன்.

"என்னாச்சுக்கா?"

"என் ரேடியோவை யார் தொட்டது?"

"நான்தான்" என்றார் செயலாளர், பெருமையாகவே. "எல்லாம் தலைகீழா இருந்துச்சு, மாத்தி வச்சிருக்கேன். ஒரு நன்றி சொல்லலாம்."

மூக்குக்கு எதிரே நின்று பார்த்திருக்கிறார்! எதிரே நிற்பவருக்குக் கிளைடரின் வலது இறக்கை இடப்பக்கம் அல்லவா? அந்த மடல் எழுவதைப் பார்த்து, வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் திரும்புகிறது என்று தீர்மானித்துவிட்டார். அவர் மாற்றியபடியே எறிந்திருந்தால், திருப்பத் திருப்ப எதிர்த்திசையில் கவிழ்ந்து, வேடிக்கை பார்க்க நின்றவர்கள்மேல் விழுந்திருக்கும்.

"சார், பின்னால வந்து நின்னு பாருங்க" என்றேன்.

"எத்தனை வருஷமா பறக்க விடுறேன். எனக்கே இடது வலது சொல்லித் தர்றீங்களா?"

மேசையைச் சுற்றி வர நாலு எட்டு. அந்த நாலு எட்டை அவர் வைக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ரேடியோவின் அமைப்பைப் பழையபடி திருத்தினேன். திருத்தியபின் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்தாக வேண்டும். சோதிக்கலாம், ஆனால் கோபத்தில் விரல்கள் உதறின. உதறும் விரல்களோடு ஒன்றை ஆகாயத்துக்கு அனுப்புவது முறையன்று. "இன்னைக்கு நான் விடப்போறதில்ல" என்றேன்.

பின்வரிசையில் ஒரு குரல்: "பயந்துட்டாங்கப்பா!" சிரிப்பு.

"அப்ப தேறலைன்னு போட்டுக்கிறேன்" என்றார் செயலாளர். "அடுத்த வாரம் கம்பியோட வாங்க."

பயமா? எனக்கா? — தப்பு பண்ணது அவர், தண்டனை எனக்கா? என்ன நியாயம் இது? பல் மருத்துவராவது வாய் திறந்தாரா? "செயலாளராச்சேன்னு விட்டுட்டேன்கா" என்று பிறகு காதோடு சொல்கிறார். காதோடு!

மார்ச் 10, திங்கள்

கணவரிடம் முழுவதையும் சொன்னேன். ஊசியைப் பல்லில் கடித்தபடியே கேட்டார். "எதிர்ல நின்னு பாத்தா எல்லார் சட்டைப் பையும் வலப்பக்கம்தான் தெரியும். அதுக்காக நான் பிரிச்சு மாத்தித் தைக்கவா?"

சிரிக்கக் கூடாது என்றிருந்தேன். சிரித்துவிட்டேன்.

"விட்டுடேன், கம்பியோடதான் கொஞ்ச நாள் போயேன்" என்று அவரே அடுத்துச் சொன்னதும் சிரிப்பு போயிற்று.

மார்ச் 12, புதன்

பல் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, ஒரு விஷயம். அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் சாவியை மறந்துட்டேன்னு திரும்பிப் போனேன். செயலாளர் தன் கிளைடரை மேசைல வச்சுக்கிட்டு, முன்னாடி போறாரு, பின்னாடி வர்றாரு, முன்னாடி போறாரு... கோயில் சுத்துற மாதிரி."

"எங்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாரா?"

"இல்லக்கா."

ஆக, தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மூன்று நாளாக ஒரு சொல் இல்லை. தெரியாமல் செய்ததைக்கூடப் பொறுப்பேன், இதைப் பொறுப்பதெப்படி?

மார்ச் 15, சனி

கம்பி வாங்கவில்லை. வாங்கப்போவதும் இல்லை. கம்பியின்றியே நாளை செல்வேன். திருப்பி அனுப்பட்டும், காரணத்தைச் சபையறியக் கேட்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்க வேண்டிய வாக்கியங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. செயலாளர் கம்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "காத்து மேற்கேருந்து" என்று மட்டும், என்னைப் பாராமல் சொல்லி ஒதுங்கினார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்தேன். விரல்கள் நடுங்கவில்லை. பல் மருத்துவர் கிளைடரை எதிர்காற்றில் மட்டமாக எறிந்தார். அது ஏறியது. மைதானத்துக்கு வெளியே கரிய உழவு நிலத்தின்மேல் வெப்பக் காற்றொன்று இறக்கையைத் தொட்டுத் தூக்கியதை என் கட்டைவிரலிலேயே உணர்ந்தேன், வட்டமிட்டேன். என்னை நோக்கித் திரும்பி வரும்போதுதான், இடவலம் மாறித் தெரிவதால், பழகாதவர்கள் குழம்புவார்கள். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினேன். ஆட்களுக்கு அப்பால், புல்லின்மேல், அது வயிறு உரச இறங்கி நின்றது.

கைதட்டியவர்களில் செயலாளர் இல்லை.

பிறகு புதிய உறுப்பினர் ஒருவர், நெட்டையான மனிதர், தம் கிளைடரை மேசைமேல் வைத்து, "சார், செக் பண்ணித் தர்றீங்களா?" என்றார். செயலாளர் மேசைவரை வந்தார், நின்றார்.

"மேடம் பாக்கட்டும்" என்றார். "அவங்க பாத்துச் சரின்னா சரி."

மன்னிப்பு? அதுதான் இல்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் பல்லா உதிர்ந்திருக்கும்?

நெட்டையரின் கிளைடரில் வால் மடலின் திருகு தளர்ந்திருந்தது. "இன்னைக்கு விடக் கூடாது" என்றேன். அவருக்குக் கோபம். செயலாளர் பக்கம் திரும்பி முறையிட்டார்.

செயலாளர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "மேடம் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?" என்றார்.