கஞ்சி குடித்த மண்புழுக்கள்

பினாங்கு, 25.4.1958

அன்பு சைதூனுக்கு, உன் கணவன் நூர் அகமது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? திண்டுக்கல்லில் இந்தக் கோடையிலாவது குடிதண்ணீர் கிடைக்கிறதா?

அறையில் ஒரு மரப்பெட்டியில் மண்புழு வளர்க்கிறேன். காய்கறித் தோலைத் தின்று, என் புதினாத் தொட்டிக்கு உரம் தருகின்றன. அதுகளும் வாயுள்ள ஜீவன்தானே என்று, மிஞ்சிய நோன்புக் கஞ்சியைத் தினமும் ஊற்றினேன். பெட்டி சொதசொதவென்று புளித்து, எறும்பு மொய்த்துவிட்டது. பெருநாள் காலையில் புழுக்கள் தப்பித்து, அறைத்தோழர் அப்துல் வாஹித் அண்ணனின் புதுச்சட்டையில் ஊர்ந்தன!

"ஏலே, ஒன் விருந்தாளிக பெருநாளுக்குக் கட்டித் தழுவ வந்துட்டாக!" என்று சிரித்தார்.

பெட்டிக்குக் கால் அடித்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன், எறும்பு வரவில்லை. ஈரத்தை இழுக்கக் காகிதம் கிழித்துப் போட வேண்டியிருந்தது. அண்ணன் என் தலையணைக்கடியில் கைவிட்டு, "இம்புட்டுக் காகிதம் வச்சிருக்கியே!" என்றார். பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். அத்தனையும் உன் கடிதங்கள்.

இப்போது புதினா தழைக்கிறது. கொஞ்சம் கொத்தமல்லி விதை அனுப்பு. புழுக்களுக்கே தினம் ஒரு செய்தித்தாள் கிடைக்கிறது. எனக்குப் போன மாதம் நீ எழுதியது ஒன்பதே வரி. மனப்பாடமாகிவிட்டது. இந்தத் தடவை இரண்டு பக்கம் எழுது.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் நூர்