நீ பேசியதெல்லாம் இருந்த டிஸ்க்

என் அமலிக்கு, என் கூடப்பிறந்த செல்லத்துக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. எழுத்து உனக்கு எப்போதுமே ஆகாது. நான் துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் முதல் வரியைப் படித்துவிட்டு மீதியை என் முகத்தில் தேடுவாய். அப்படிப்பட்டவளுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேனே என்று கோபிக்காதே. இதைக் கையால் சொல்லும் அளவுக்கு உன் பாஷை எனக்கு இன்னும் வரவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் அச்சுக்கும் கொடுக்கிறேன். உனக்கு மட்டும் எழுதி உன் கல்லறையில் வைத்தால் மறுபடியும் மூடி மறைத்தது போலத்தானே ஆகும்?

முதலில் உன் மகள் செய்தி. ஷீபா இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. என்னோடுதான் படுக்கிறாள். தூக்கத்தில் அவள் விரல்கள் அசைகின்றன. உன்னோடு பேசுகிறாளா? எனக்குப் புரியவில்லை, அமலி. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

படிக்கிறவர்களுக்காக உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ பிறவியிலேயே காது கேளாதவள். பாண்டிச்சேரியில் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்த பிறகுதான் உனக்கென்று ஒரு பாஷை கிடைத்தது. லீவுக்கு வில்லியனூருக்கு வரும்போதெல்லாம் உன் கை ஓயாமல் பேசும். வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்டது சோறு, தண்ணி, வா, போ, கோவில், அவ்வளவுதான். அம்மா அப்பா இரண்டு பேரும் உன்னோடு ஒரு முழு வாக்கியம் பேசாமலே செத்துப் போனார்கள். ஷீபாவுக்கு ஒரு வயது ஆகும்போது அவள் அப்பன் கடலூர்ப் பக்கம் வேறொரு குடும்பம் தேடிப் போய்விட்டான். வீட்டில் உன்னிடம் சரளமாகப் பேசிய ஒரே ஆள் உன் மகள்தான். அவளுக்குக் காது கேட்கும். ஆனாலும் வாயால் பேசும் முன்னே கையால் பேசினாள்.

கிட்னி இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நான் உனக்குச் சொல்வதற்கு முன்பே அவர் முகத்தைப் பார்த்து நீ புரிந்துகொண்டாய். அந்த வாரமே வீடியோ எடுக்க ஒரு டேப்லெட், நாம் டேப் என்று சொல்வது, வாங்கித் தரச் சொன்னாய். சுவரில் சாய்த்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து ஷீபாவிடம் பேச ஆரம்பித்தாய். மாதவிடாய் வந்தால் பயப்படாதே. பள்ளியில் யாராவது ‘ஊமைச்சி மக’ என்றால் என்ன செய்ய வேண்டும். அப்பா எங்கே என்று கேட்டால் என்ன பதில். கவளை மீன் எப்படிக் கழுவுவது. நடு நடுவே சிரிப்பு, கதை, வம்பு. இரண்டு வருஷம் பேசினாய். அவளுக்குப் புரியும் வயசு வரும்போது நீ இருக்க மாட்டாய் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு ஒரு மகள் இருந்து அவளுக்கு எதையாவது விட்டுப் போக நினைத்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உனக்கு ஒவ்வொரு வார்த்தையும் வீடியோ. டேப் எத்தனை தாங்கும்? ஒருநாள் பதிவு பாதியில் நின்றது. ‘சேமிப்பிடம் நிரம்பிவிட்டது’ என்று வந்ததை என்னிடம் காட்டினாய். நான் வில்லியனூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள் இல்லையா? கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. “பழசை அழி” என்று கையைத் துடைப்பது போலக் காட்டினேன்.

நீ கோபப்படவில்லை. டேப்பை என் மடியில் வைத்து முதல் வீடியோவைத் திறந்தாய். இதுவா, என்று புருவத்தால் கேட்டாய். அடுத்ததைத் திறந்தாய். இதுவா? அதற்கடுத்தது. இதுவா? ஆறாவதில் நான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அந்த டேப்பில் மெமரி கார்டு போட இடம் கிடையாது. கடை கம்ப்யூட்டரில் வைக்கலாம் என்றால் முதலாளி மாசத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்துவிடுவார். வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். கேபிள் போட்டு டேப்பில் சொருகினால் லைட் எரிந்து எரிந்து அணைந்தது. டேப் கொடுக்கும் கரண்ட் அதற்குப் பத்தவில்லை. தனியாகப் பிளக்கில் சொருகும் ஹப் ஒன்றை நடுவில் வைத்த பிறகுதான் டிஸ்க் விழித்தது. நீ கை தட்டிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. உன் கைத்தட்டல் எப்போதும் கொஞ்சம் பலமாகவே இருக்கும்.

வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும், கடைக்கு எடுத்துப் போய் மாற்றித் தருகிறேன் என்று நான்தான் வாங்கிப் போனேன். காப்பி போட்டு, சரிபார்த்து, அப்புறம் டேப்பில் இருப்பதை அழிப்பதுதான் முறை. எனக்கு அது தெரியும். ஆனால் இரட்டை வேலை என்று தோன்றியது. ‘நகர்த்து’ என்பதை அழுத்திவிட்டேன். ஒவ்வொன்றாக டேப்பிலிருந்து போய் டிஸ்க்கில் சேர்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பார்த்து ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடை நிறைய ஆள்.

“இன்னா சகாயம், லேமினேஷன் மிஷின் போடலியா? ஆளுங்க நிக்கிறாங்க பாரு” என்றார் முதலாளி.

“பிளக் பாயிண்டுல என் ஹப்பு இருக்குதுண்ணே. கொஞ்ச நேரம்.”

“வூட்டு வேலைய வூட்ல வச்சுக்கம்மா.”

டேப் திரையைப் பார்த்தேன். முடிந்தது என்று வந்துவிட்டது. டிஸ்க்கின் லைட் மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அமலி, நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எத்தனையோ தடவை முயன்றேன். பார்த்தேன். பென் டிரைவைப் பிடுங்கும் ஒவ்வொருவரிடமும் ‘வெளியேற்று குடுத்துட்டு எடுங்க, லைட் நிக்கட்டும்’ என்று தினமும் சொல்கிற அதே வாய்தான். எதிரில் ஒரு கிழவர் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். ஹப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷினைச் சொருகினேன்.

கடை அடைக்கும் முன்பு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. டேப்பைத் திறந்தேன். அதில் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் நீ பேசியது இரண்டிலும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். டயாலிசிஸ் முடித்துச் சோர்ந்து படுத்திருந்தாய். நாளைக்குச் சொல்லலாம் என்று பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். நீயோ ஆசை தாங்காமல் எழுந்து பையிலிருந்து டிஸ்க்கை எடுத்திருக்கிறாய். டயாலிசிஸ் ஆன நாளில் உன் விரலில் பலம் இருக்காது. கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. உனக்குக் கேட்டிருக்காது. நான் வந்து பார்க்கும்போது எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாய். மாட்டினாய். வரவில்லை. திரும்ப மாட்டினாய்.

என்னைப் பார்த்தாய். நான் போட்டேன், நான் போட்டதால்தானா, என்று கேட்டாய். உன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டாய். அந்த ஒரு கேள்வி எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

உன்னிடம் ஒரு உண்மை சொல்ல எனக்குப் பாஷை போதாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பொய்க்குத் தலை ஒன்று போதுமானதாக இருந்தது.

மறுநாள் பாண்டிச்சேரியில் டிஸ்க் சரிசெய்யும் கடை ஒன்றில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து டேப்பையும் கொண்டுபோய்க் காட்டியபோது அந்தப் பையன் வருத்தத்தோடுதான் சொன்னான்: “பேரு மட்டும் வருதுக்கா. உள்ள ஒண்ணும் இல்ல. டேப்புல எதுனா மிச்சம் இருக்குமான்னு பாத்தேன், அதுலயும் வரல.” டேப்பில் மிச்சம் எப்படி இருக்கும்? நீதான் மறுநாளே அதில் மறுபடி பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டாயே.

அழுதுகொண்டு உட்காராமல் நீ அதைத்தான் செய்தாய். ஆனால் அதற்குள் உடம்பு இறங்கிவிட்டது. வீட்டில் மூச்சு வாங்கியது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பேசினாய். ஊசி குத்திய இடது கையை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது. நீ மறந்து தூக்கும்போதெல்லாம் நர்ஸ் ஓடி வரும். “கைய ஆட்டாதம்மா, ஊசி நகந்துடும்.” பாதி வாயைக் கட்டிப்போட்ட மாதிரி ஒற்றைக் கையால் உன் மகளிடம் பேசினாய். டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். தினமும் உன் முகத்துக்கு நேராக நின்றும் சொல்லவில்லை.

மூன்று மாசம். அப்புறம் அந்த மழை. ஆற்றில் தண்ணீர் வந்து பஸ் நின்றது. இரண்டு தடவை டயாலிசிஸ் தவறியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஆட்டோ கிடைத்து உன்னைக் கொண்டு சேர்த்தோம். சேர்த்த அன்றே நீ போய்விட்டாய். கடைசியில் என் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினாய். என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பேன்?

போன மாசம் உன் பள்ளித் தோழி வனிதாவை வரச் சொன்னேன். திருக்கனூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். உன்னைப் போலவே காது கேளாதவள், ஆனால் உன்னைவிட நன்றாக எழுதுவாள். நீ ஆஸ்பத்திரியில் பேசிய வீடியோக்களைப் பார்த்து எழுதித் தரும்படி கேட்டேன். ஷீபா கேட்டால் நான் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? ஒற்றைக் கையால் பேசியது வனிதாவுக்கே சில இடங்களில் புரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கடைசி வீடியோவுக்கு வந்ததும் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினாள். அந்தத் தாளில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

‘பாப்பா. அம்மா கை பிழை. டிஸ்க் கீழே போட்டேன். பழைய பேச்சு எல்லாம் போச்சு. பாப்பா கோபம் வேண்டாம். அம்மா மன்னிப்பு. பெரியம்மா ரொம்ப கஷ்டப்பட்டாள். பெரியம்மா நல்லவள்.’

படித்தேன். செய்யாத தப்புக்கு உன் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதைப் படம் பிடித்ததும் நான். டேப்பைப் பிடித்துக்கொண்டு, சுற்றி இருந்தவர்களிடம் ‘பாருங்க, எவ்வளவு அழகாப் பேசறா’ என்று சொல்லியிருப்பேன்.

அந்தத் தாளிலேயே கீழே எழுதினேன்: ‘அவள் கை பிழை இல்லை. நான் பிளக் பிடுங்கினேன். முன்பே போய்விட்டது. அவளிடம் பொய் சொன்னேன்.’ வனிதா படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். காப்பி குடிக்கவில்லை. நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன், திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் என் மெசேஜ் எதற்கும் பதில் இல்லை. அவள் செய்தது சரிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஷீபாவை உட்கார வைத்தேன். அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவள் ஒரே தடவையில் படித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா மேல எனக்குக் கோபம் இல்ல என்றாள், உன்னிடம், திரையைப் பார்த்து, கையால். பிறகு நான் ஆரம்பித்தேன். வாயால் சொல்ல எனக்கு மனசில்லை. உன் பாஷையில்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக ஃபோனில் பார்த்துப் பழகியிருந்தேன். அம்மா செய்யவில்லை. பெரியம்மா செய்தேன். பெரியம்மா அம்மாவிடம் பொய் சொன்னேன்.

‘பொய்’ என்பதற்கு நான் போட்ட கை தப்பு. ஷீபா என் விரலைப் பிடித்து மடக்கி, தாடைப் பக்கம் கொண்டுபோய், இப்படி என்று காட்டினாள். மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்போதுதான் நான் என்ன சொல்கிறேன் என்று அவளுக்கு உறைத்தது. என் கையை விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் என்னோடு படுக்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு டேப்பைக் கட்டிப்பிடித்தபடி சுவரோரம் படுத்தாள். மூன்றாம் நாள் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். வாயால்தான் கேட்டாள்: “அம்மாவுக்கு இன்னும் தெரியாதா பெரியம்மா?”

“தெரியாதுடி.”

“சொல்லுங்க.”

அதனால்தான் இந்தக் கடிதம். உன் மகள் சொல்லி எழுதுகிறேன். நீ கீழே போட்டதால் டிஸ்க் போகவில்லை, அமலி. உன் கையில் ஒரு பிழையும் இல்லை. மன்னிப்பு கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் கேட்காமல் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். ஷீபா வளர்ந்து என்னை வெறுக்கும் வயசு வரும். அன்றைக்கு என்ன நடந்தது என்று மறுபடியும் கேட்பாள். அப்போதும் முதலாளி மேல் போடாமல், கடைசி நாள் கூட்டத்தின் மேல் போடாமல், லைட் துடித்ததைப் பார்த்தேன் என்பதையும் விடாமல், அவள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். கையால் சொல்வேன்.

உன் பேச்சைத் தொலைத்த,
உன் கூடப்பிறந்த அக்கா,
சகாயம்