கணினி சொல்லாத இறுக்கம்

கிழக்கு ஜன்னலின் கொண்டி இந்த மழைக்கும் இறுகிவிட்டது. காலையில் திறக்கப் போனேன், பாதி தூரம் வந்து நின்றது. கீழே கதவுக்கு வேலை செய்துகொண்டிருந்த ஆசாரி சத்தம் கேட்டு மேலே வந்தார். "சுத்தியல் வச்சு ஒரு தட்டு தட்டினா மதி, அது போதும் அம்மா," என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குள்ளேயே என் கை கொண்டியை விட்டிருந்தது. இரும்பு நகர மறுக்கும்போது கை தானாக நின்றுவிடுகிறது. அது உன் துப்பாக்கி எனக்குப் பழக்கிவிட்ட பழக்கம். அதனால்தான் இன்று உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாத்தனாரும் அண்ணியும் இத்தனை காலம் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் எப்படி இருந்தீர்கள் என்று மட்டாஞ்சேரியில் இன்னமும் கேட்கிறார்கள். சண்டையில்லாமல் இருந்தோம் என்று யார் சொன்னது என்பேன். உன் அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் நாம் இருவர்தான். கீழே சுக்குக் கிடங்கு, மேலே நாம், பீரோவுக்குள் அவருடைய ரைபிள். அதை விற்றுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னபோது நீ யாரிடமும் விவாதிக்கவில்லை. களமசேரியில் தொழிற்சாலை ஆய்வகத்து வேலை முடிந்து அலுவலகம் அலுவலகமாக அலைந்து உரிமத்தை உன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தாய். அண்ணன் கற்றுத்தந்த குறி அந்தத் துப்பாக்கியோடுதான் இருக்கிறது என்றாய்.

நீ கலந்துகொண்ட துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு ஏற்ற தோட்டா அப்போது எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு பெட்டி மாதிரி இன்னொன்று இருக்காது. சுடும் சங்கத்துக்கு இருந்த அனுமதியின் கீழ் நாமே தோட்டா கட்டத் தொடங்கினோம். அதற்கான அழுத்து இயந்திரத்தை என் தேக்கு மேஜையில் துளை போட்டு முடுக்கினாய். என்னிடம் கேட்கவில்லை. அந்தத் துளைகளுக்கு நீ கடைசிவரை மன்னிப்பும் கேட்கவில்லை.

வெடிமருந்தை நிறுப்பது என் வேலையாயிற்று. நீ பாடிக்கொண்டே நிறுப்பாய், அது எனக்குப் பொறுக்காது. கான்வென்டில் வேதியியல் கற்றுத்தந்த சிஸ்டர் தராசுக்கு முன்னால் எங்களை மூச்சைக்கூட அடக்கி விடச் சொல்வார். நானும் அப்படியே வைத்தேன். மின்விசிறி நிற்க வேண்டும், ஜன்னல் மூட வேண்டும், பேச்சு கூடாது. கீழேயிருந்து சுக்குத்தூள் ஏறி வருவதால் தும்மல் மட்டும் நம் கட்டுப்பாட்டில் இல்லை. அதற்கும் ஒரு சட்டம் போட்டேன். தும்முகிறவர் மேஜைக்கு முதுகைக் காட்டித்தான் தும்ம வேண்டும். "கோயில்ல கூட இத்தன சட்டம் இல்ல அண்ணி," என்பாய். ஆனால் திரும்பிக்கொள்வாய்.

ஒரு தோட்டாவில் இருப்பது நான்கே பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் கேப்பு, மருந்து, குண்டு. மருந்து குறைந்தால் குண்டுக்கு வேகமில்லை. கூடினால் அழுத்தம் ஏறித் துப்பாக்கி முகத்துக்கு நேரே உடையலாம். அதனால் குறைவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்துக் கூட்டையும் கேப்பையும் ஆராய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுட்டபின் காலிக் கூட்டை வெளியே எடுக்கப் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போது கைக்கு என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். இலேசாக வந்தால் சரி. இறுகினால் துப்பாக்கி ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். இது உன் அண்ணன் முறை. பொறுமை வேண்டிய முறை. பொறுமை உனக்கு எப்போதும் கொஞ்சம் தட்டுப்பாடுதான்.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து உன் சிநேகிதி அந்த மென்பொருளை அனுப்பினாள். அதற்காகவே பிராட்வேயில் ஒரு பழைய கணினியை வாங்கி ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். குண்டின் எடை, கூட்டின் கொள்ளளவு, குழலின் நீளம், மருந்தின் பெயர் எல்லாம் கொடுத்தால் வேகம் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு என்று திரையில் கோடு போட்டுக் காட்டியது. உன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷம் எனக்கு மறக்காது.

"இனிமே வெறுதே தோட்டாவ வீணாக்க வேண்டாம் அண்ணி. எல்லாம் இதுவே சொல்லும்."

"இது நம்ம துப்பாக்கியப் பார்த்திருக்கா?"

"அதுக்குக் கண்ணில்லையே."

"அப்ப இவ்வளவு வாய் எதுக்கு?"

நியாயமாகச் சொல்கிறேன், அது சொன்னதில் நிறையச் சரியாக இருந்தது. தூரம் போகப் போகக் குண்டு எவ்வளவு தாழும் என்ற கணக்கில் அது நம்மைவிடக் கெட்டி. ஆனால் வேகமானியை வைத்துச் சுட்டுப் பார்த்தால் திரையில் வந்த வேகம் வராது. அதே பெயருள்ள மருந்தில் வேறு டப்பாவைத் திறந்தால் இன்னொரு வேகம். அதற்குத் தெரிந்தது மருந்தின் பெயர். அந்த டப்பா இந்த வீட்டில் ஒரு இடவப்பாதிப் பருவமழையைக் கடந்தது தெரியாது. உன் அண்ணன் சுட்டுச் சுட்டுத் தேய்த்த குழல் அதன் கணக்கில் புதுக் குழலாகவே இருந்தது.

"எங்க தொடங்கணும்னு அது சொல்லட்டும்," என்றேன் ஒருநாள். "எங்க நிறுத்தணும்னு அது சொல்லக்கூடாது."

"நிறுத்தறதுக்கு நீங்க இருக்கீங்கல்ல அண்ணி," என்று சிரித்தாய். அதை அப்போது கேலியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருட மாநிலப் போட்டிதான் உன் கடைசி வாய்ப்பு. வலது கண் மங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் குறி தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். கணினி காட்டிய அளவைத்தான் கட்டினோம். ஆபத்துக்கு வெகுதூரம் கீழே என்று திரை சொல்லியது. பயிற்சியில் துப்பாக்கியும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. போட்டியன்று வெயில் கடுமை. முன்னணியில் நீ இருந்தாய், இன்னும் சில குண்டுகள்தான் பாக்கி. ஒரு குண்டு சுட்டுப் போல்ட்டைத் தூக்கினாய், உன் தோள் ஒரு நொடி நின்றது. அடுத்ததையும் சுட்டாய். இந்த முறை போல்ட் உன் கைக்கு எளிதில் வராததை வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நானே பார்த்தேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

நான் உள்ளங்கையை உயர்த்தினேன்.

எனக்கு நிச்சயமில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். என் முகத்தை உன்னைப்போல் வாசிக்கத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. ஆனாலும் நீ துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைத் திறந்துவைத்துவிட்டு எழுந்தாய்.

நடுவராக இருந்த பழைய பட்டாளக்காரர் ஓடிவந்தார். "எந்து பற்றி, என்னாச்சு மேடம்? சமயம் போகுது கேட்டோ."

"ஒண்ணுமில்ல சார். எங்க அண்ணி மதி, போதும்னு சொல்றாங்க."

பக்கத்துத் தடத்திலிருந்தவர் சிரித்தார். "அடுக்களையிலயும் அண்ணி, இவிடயும் அண்ணியா?"

"ரெண்டு இடத்துலயும் தீ இருக்கில்ல சேட்டா," என்றாய்.

அவ்வளவுதான். பதக்கம் வேறொருவருக்குப் போயிற்று. டாக்சியில் பாலம் தாண்டும்வரை உன் கோபத்துக்குக் காத்திருந்தேன். பதில்களைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். நீ "பசிக்குது" என்றாய். தோப்பும்படியில் வண்டியை நிறுத்திப் பழம்பொரி வாங்கினோம். என்னுடையதையும் நீயே சாப்பிட்டாய்.

மறுநாள் மீதித் தோட்டாக்களைப் பிரித்தோம். மருந்தின் எடையில் இம்மியும் பிசகில்லை. அதில் எனக்கு ஆச்சரியமில்லை, நிறுத்தவள் நான். பிறகு உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கக் கூடுகளில் தண்ணீர் நிரப்பி எடை பார்த்தோம். சங்கம் புதிதாகத் தந்த கூடுகள், பார்வைக்குப் பழையவை மாதிரியேதான். சில கூடுகளில் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது, சிலதில் இல்லை. குறைந்த அளவைக் கணினியில் கொடுத்தாய். அழுத்தக் கோடு சற்று ஏறியது. அப்போதும் ஆபத்தில்லை என்றே சொல்லியது. வெயிலா, கூடா, குழலில் சேர்ந்த கரியா, எல்லாம் சேர்ந்தா என்று நமக்குத் தெரியவே இல்லை. நீ திரையைக் காட்டினாய்.

"இது பொய் சொல்லல அண்ணி. ஏதோ ஒரு துப்பாக்கியப் பத்திச் சொல்லுது. நம்ம துப்பாக்கி இறுகினா இறுகினதுதான்."

கணினியை அணைத்துத் துணி போட்டு மூடினாய். கண் விட்டுப்போன பிறகு ரைபிளைச் சங்கத்துக்கே கொடுத்தாய். பல வருடம் கழித்து, மருத்துவமனையில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாகக் கேட்டேவிட்டேன், அன்று நிறுத்தியதில் வருத்தமுண்டா என்று. "சுட்டிருந்தா மெடல் வந்திருக்கும். வேற எதாவதும் வந்திருக்கும். கம்ப்யூட்டர்கிட்ட வேணா கேளுங்க," என்றாய். நர்ஸ் வந்து சத்தம் போடும்வரை சிரித்தோம். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

நான் செய்தது சரிதானா என்று கேட்டு இதை எழுதவில்லை. இன்றைக்கும் அதே இடத்தில் அதே கையைத்தான் உயர்த்துவேன். உன் அண்ணனை இழந்த வீட்டில் உன்னையும் ஒரு திரைக்கோட்டை நம்பி விட முடியாது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். நிச்சயமில்லாத ஒரு கைக்காக அவ்வளவு ஆசைப்பட்டதை எப்படி அத்தனை எளிதாகக் கீழே வைத்தாய்? நான் என் வாழ்நாளில் யார் சொல்லியும் எதையும் அப்படி வைத்ததில்லை.

ஆசாரி போய்விட்டார். வெயில் வரட்டும், மரம் காய்ந்தபின் சீவலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தட்டில் திறந்திருக்குமோ என்னவோ. கொண்டி பாதியில் நிற்பதால் ஜன்னலைச் சரியாகச் சாத்தவும் முடியவில்லை, அந்த இடுக்கு வழியாகச் சுக்கு வாசனை வந்துகொண்டே இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது தும்மல் வந்தது. மேஜைமேல் தராசு இல்லை, நீ போட்ட துளைகள் மட்டும்தான் இருக்கின்றன. ஆனாலும் எழுந்து, மேஜைக்கு முதுகைக் காட்டித்தான் தும்மினேன்.