நான் திருத்திய நாவல்

உங்கள் கையெழுத்துப் பிரதி பரணில் கிடைத்துவிட்டது. தகரப் பெட்டியைத் திறந்ததுமே லேத்தில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாடை. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில்தானே எழுதுவீர்கள்? நீங்கள் கண்மூடி இத்தனை வருடம் கழித்து ஒரு பதிப்பாளர் உங்கள் ஒரே நாவலை மறுபடி அச்சிடக் கேட்கிறார். அச்சான புத்தகத்தையே கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்ததிலிருந்து மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எண்பதுகளில், மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில், நீங்கள் ஷிஃப்டுக்குப் போனபின் நான் நகலெடுப்பேன். உங்கள் கையெழுத்து அச்சகத்தாருக்குப் புரியாது. என் கான்வென்ட் கையெழுத்து புரியும். நகலெடுப்பது மட்டும்தான் என் வேலை. நான் அத்தோடு நிற்கவில்லை. அஞ்செட்டியிலிருந்து வேலைக்கு வந்த உங்கள் கதாநாயகன் மாதப்பன், கன்னடமும் தமிழுமாக, "ஏன் மாடோது மேஸ்திரி, மூணு ஷிப்டு மாத்தி மாத்திப் போட்டு எம் பொண்டாட்டிக்கே எம் மூஞ்சி மறந்துபோச்சு" என்பான். நான் அதை, "என்ன செய்வது மேஸ்திரி, பணிநேர மாற்றங்களால் என் மனைவிக்கே நான் அந்நியனாகிவிட்டேன்" என்று எழுதினேன். புத்தகம் முழுக்க அப்படித்தான். உங்களுக்கு நல்லது செய்வதாகவே நம்பினேன்.

நீங்கள் படித்துப் பார்த்தீர்கள். "ரொம்ப சுத்தமா இருக்குது டீச்சரம்மா" என்றீர்கள். நான் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை; குற்றம் கண்டுபிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஏன் தடுக்கவில்லை? மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியவள் மனம் நோகும் என்றா? தடுத்திருந்தால் சண்டைதான் போட்டிருப்பேன், அதுவும் உண்மை.

ஒரு பத்திரிகையில் மட்டும் நான்கு வரி வந்தது. தொழிலாளர்கள் பாடப்புத்தகம்போல் பேசுகிறார்கள், ஆசிரியர் தொழிற்சாலையைப் பார்த்ததே இல்லை போலும் என்று. பன்னிரண்டு வருடம் லேத்தில் நின்ற மனிதரை. நீங்களே வாசித்துக் காட்டிச் சிரித்தீர்கள். "நம்ம மாதப்பன் கான்வென்ட்ல படிச்சவனாட்டம் இருக்கான்." திருத்தியது நான் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் நீங்கள் ஒரு தாளும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

நேற்று பதிப்பாளரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், நீங்கள் எழுதியதுதான் அச்சேற வேண்டும் என்று. முன்பு வந்தது ஏன் வேறு மாதிரி இருக்கிறது, முன்னுரையில் என்ன போடுவது என்று அவர் தயங்கினார். "என் பேரைப் போட்டு, நான்தான் கெடுத்தேன்னு எழுதுங்க" என்றேன்.

இன்று காலையிலிருந்து மறுபடி நகலெடுக்கிறேன். கேண்டீன் சண்டையில் மாதப்பன் சூப்பர்வைசரை ஒரு வார்த்தை சொல்கிறான். அன்று நான் அங்கே 'மூடனே' என்று போட்டிருந்தேன். பேனாவை மூடிவிட்டு வாசல்வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். பிறகு உட்கார்ந்து, எழுபத்திரண்டு வயதில் முதன்முறையாக, அந்த வார்த்தையை என் கையால் எழுதினேன். இன்னும் பாதி நாவல் இருக்கிறது.